காடாத் துணியில் வசனம்

எனக்குக் காது போனபோது வயது பன்னிரண்டு. மூளைக்காய்ச்சலில் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு ஒரு காலையில் கண் விழித்தேன். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னும் கனவில்தான் இருக்கிறேன், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவேன் என்று நினைத்துத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டேன். முப்பது வருஷம் ஆகிவிட்டது. சில காலைகளில் இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

பன்னிரண்டு வயது வரை கேட்டதெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தெருவில் வீட்டுக்கு வீடு ஓடிய தறிச் சத்தம், காவிரியில் தண்ணீர் திறந்துவிட்ட புதிதில் பாலத்தடியில் எழும் இரைச்சல், அக்கா சிரித்து முடிக்கும்போது கடைசியில் வரும் விக்கல் போன்ற ஒலி. மழை பெய்வதைக் கண்ணால் பார்த்தால் போதும், எங்கள் பழைய ஓட்டுக் கூரை மேல் பெய்த மழை உள்ளே கேட்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு வந்த குரல் எதுவும் எனக்குத் தெரியாது. என் கணவரின் குரலை நானாக ஒன்று கற்பனை செய்து வைத்திருக்கிறேன். அதில் எங்கள் பெரியப்பாவின் சாயல் கொஞ்சம் இருக்கும்.

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்க நானே பழகிக்கொண்டேன். எங்கள் ஊரான பள்ளிபாளையத்தில் அது பெரிய அதிசயமும் இல்லை. தறிப்பட்டறைக்குள் போனால் எல்லோரும் அப்படித்தான். இருபது தறி ஒன்றாக ஓடும் இடத்தில் கத்திப் பிரயோஜனம் இல்லை. கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். பட்டறைக்குள் நானும் அவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். வெளியே வந்ததும் அவர்கள் தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் உதடு பாதி விஷயத்தைத்தான் சொல்லும். அதில் ப-வும் ம-வும் ஒன்று. அப்பாவும் அம்மாவும் ஒரே மாதிரி தெரிவார்கள். அப்பா இறந்த அன்று, நான் துணி செக்கிங் செய்யும் இடத்துக்கு அக்கா ஓடிவந்து அந்தச் சொல்லைச் சொன்னாள். போனது யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கேட்கவும் வாய் வரவில்லை. வீடு போய்ச் சேரும் வரை இரண்டு பேருக்காகவும் அழுதேன். வாசலில் அம்மா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஒரு கணம் வந்த நிம்மதியை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் தை மாதம் ஒரு நாடகம் போடுவார்கள். மில் வேலைக்காரர்கள், தறிக்காரர்கள், ஒரு டெய்லர், இரண்டு டீச்சர்கள் சேர்ந்த குழு. பக்கத்துத் தெருவில் இருக்கும் தமிழ் வாத்தியார்தான் எழுதி நடத்துகிறவர். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் நடக்கும். அக்கா ஒரு வருஷம்கூட விடமாட்டாள். என்னையும் கூட்டிப்போவாள். எனக்கும் பிடிக்கும். விளக்கு, புடவைகளின் நிறம், நடந்து வருகிற விதம், ஒருவர் திரும்பினால் இன்னொருவர் முகம் மாறுவது, இதையெல்லாம் வைத்து நானே ஒரு கதை கட்டிக்கொள்வேன். மேடையில் இருப்பவர்கள் தண்ணீருக்கடியில் வாழ்கிற மனிதர்கள் மாதிரி இருப்பார்கள். சில வருஷம் என் கதை அவர்கள் கதையைவிட நன்றாகவே இருந்திருக்கும்.

சிரிப்பு வரும்போதுதான் கஷ்டம். மண்டபமே குலுங்குவது நாற்காலி வழியாக முதுகில் தெரியும். அக்காவின் தொடையைத் தட்டுவேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "அப்பறம் சொல்றேன்" என்பாள். வீட்டுக்குப் போய்க் கேட்டால் சிரிப்பெல்லாம் ஆறிப்போயிருக்கும். "சும்மா ஒரு தமாசு, விடு" என்பாள்.

ஒரு வருஷம் அந்தச் சிரிப்பு அடங்கவே இல்லை. மேடையில் ஒரு கிழவரைச் சுற்றி எல்லோரும் கத்துவது போலத் தெரிந்தது. சண்டை என்று நினைத்து நான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் இருநூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் துக்க வீட்டில் இருப்பது போல உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வேலை முடிந்ததும் நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனேன்.

அவர் மீசை பெரியது. மேலுதட்டை முழுசாக மூடிவிடும். அவர் பேசினால் எனக்கு ஒரு எழுத்தும் கிடைக்காது. "சார், மீசையக் கொஞ்சம் கத்தரிச்சீங்கன்னா பேசிக்கலாம்" என்றேன். அவர் பதறிப்போய் ஒரு தாளை எடுத்து எழுதினார்: 'மீசை தவிர வேறு எதைக் கேட்டாலும் தருகிறேன் அம்மிணி.'

"அடுத்த நாடகத்த முன்னாலயே படிக்கக் குடுங்க."

'கதையை முன்னாலேயே படித்துவிட்டால் நாடகத்தில் என்ன இருக்கும்?'

"முன்னால படிச்சாத்தான் சார் எனக்கு நாடகமே இருக்கும்."

பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அத்தனை வருஷமும் மூன்றாவது வரிசையில் என்னைப் பார்த்துத் தலையசைத்தவர். நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். நான் அதோடு விடவில்லை. டிவியில் வேற்றுமொழிப் படத்துக்குக் கீழே எழுத்து ஓடுகிற மாதிரி வசனத்தை ஒரு துணியில் ஓடவிட முடியுமா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ப்ரொஜெக்டர் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுதினார். வசனத்தை டைப் அடித்துத் தர ஆள் இல்லை என்றார். நான் அடிக்கிறேன் என்றேன்.

கார்த்திகையில் அடுத்த நாடகத்தின் நோட்டு கைக்கு வந்தது. சாயங்காலங்களில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மகள் கல்யாணத்தை முன்வைத்து ஒரு குடும்பத்தில் நடக்கும் கூத்து. ஆறாவது பக்கத்தில் தாத்தா வந்தார். அடைப்புக்குறிக்குள் 'செவிடு' என்று போட்டிருந்தது. 'தண்ணி வரல' என்று மருமகள் சொன்னால், 'பன்னி வரலையா? எதுக்குப் பன்னி?' என்பார். எல்லோரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். பேரன் காதருகே வந்து கத்துவான். மூன்று பக்கம் இப்படியே போயிற்று.

விரல் நின்றுவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் படித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "போன வருசமும் இப்படி ஒரு தாத்தாதானா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு என் முகத்துக்கு நேராக வந்து, "உங்கிட்ட எப்படிச் சாமி சொல்லுவேன்?" என்றாள். அவள் அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போட்டதில் எத்தனை இப்படிப்பட்டதோ. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. எழுந்து போய் அவளுக்கும் எனக்கும் காபி போட்டேன்.

வாத்தியாரிடம் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டியபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. அவசரமாக எழுதினார்: 'எடுத்துவிடலாம். எனக்குத் தோன்றவே இல்லை.'

நான் இதை எதிர்பார்த்துத்தான் போனேன். ஆனால் அந்த எழுத்தைப் படித்ததும் எனக்குள் வேறு ஒன்று புரண்டது. தாத்தாவை எடுத்துவிட்டால் மேடையில் காது கேட்காத மனிதரே இருக்கமாட்டார். ஊரில் இத்தனை பேர் இருக்கும்போது மேடையில் மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

"எடுக்க வேண்டாம் சார். ஆனா தண்ணியப் பன்னின்னு உதடு பார்க்கற யாரும் படிக்கமாட்டாங்க. பன்னிக்கு உதடு ஒட்டணும், தண்ணிக்கு ஒட்டக்கூடாது. சிரிக்கற மாதிரி நெசமாவே நடந்தது எங்கிட்ட இருக்குது" என்று சொல்லி, அக்கா கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "தலையில மல்லி நல்லா இருக்குது" என்றார். நான் பார்த்தது, தலையில் பல்லி. வீல் என்று கத்தி, வைத்திருந்த நாலு முழப் பூவையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பந்தியைத் தாண்டி ஓடினேன். அந்த அம்மா, என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லையாம்.

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மீசை குலுங்கியது. பிறகு உட்கார்ந்து வேகமாக எழுதினார்: 'அந்தக் காட்சிகளில் துணியில் மற்றவர் பேசியது வரவேண்டாம். தாத்தா என்ன பார்த்தாரோ அது வரட்டும்.' அந்த யோசனை அவருடையது. எனக்கு வந்திருக்காது.

துணியை நான் வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவந்தேன். வெளுக்காத காடாத் துணி. தினமும் அதை வெளிச்சத்தில் விரித்து நூல் விட்டுப்போன இடம் தேடுவதுதான் என் வேலை. குறையில்லாத ஒரு துண்டாகப் பார்த்து எடுத்தேன்.

ஒத்திகை கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. வசனம் பேசப் பேச ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டே வரவேண்டும். காது கேட்கிறவர்தானே அதைச் செய்ய முடியும் என்று அக்காவை உட்கார வைத்தோம். அக்கா நாடகத்தில் மூழ்கிவிட்டாள். மகள் அழுதால் இவளும் அழுவாள், பொத்தான் அப்படியே நிற்கும். சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். மூன்றாவது ஞாயிறு நான் அவளை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குள் நாடகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். யார் மூச்சை எப்போது இழுக்கிறார்கள், யார் பேசும் முன் முந்தானையைத் தொடுகிறார்கள் என்று எல்லாம் தெரியும். ஒரு வசனம்கூடத் தவறவில்லை. அக்கா நிம்மதியாகப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள்.

அப்படிக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் அவரைக் கவனித்தேன். தாத்தா வேஷம் கட்டியவர் அறுபதைத் தாண்டியவர், முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டியவர். குழுவில் அவருக்குத்தான் நல்ல பெயர். அந்த வருஷம் அடிக்கடி வசனத்தை விட்டார். தனக்கு முன்னால் பேசுகிறவர் முடித்த பிறகும் சும்மா நிற்பார். வாத்தியார் பொறுமை இழந்து கையை உதறுவார். அண்ணனுக்கு மறதி வந்துவிட்டது, டெய்லரைப் போடலாம் என்று டீக்கடைப் பக்கம் பேசிக்கொண்டதை நான் தூரத்திலிருந்தே படித்தேன்.

மறதி இல்லை. எதிரில் இருப்பவர் முகம் அவர் பக்கம் இருந்தால் வசனம் உடனே வரும். முகம் திரும்பினால் வராது. அவர் கண்கள் கண்ணைப் பார்க்காமல் வாயிலேயே நிற்கும். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அது என்னுடையதும் இல்லை. துணியை மேடைக்குப் பின்னால் கட்டுவதாக இருந்தது. அதைப் பக்கச் சுவரில், மேடையில் நிற்பவர்களுக்கும் தெரிகிற மாதிரி கட்டச் சொன்னேன். ஏன் என்று வாத்தியார் கையால் கேட்டார். "முன் வரிசைக்குக் கழுத்து வலிக்கும் சார்" என்று ஒரு பொய் சொன்னேன்.

அன்றைய ஒத்திகையில் அவர் ஒரு வசனமும் விடவில்லை. முதலில் தற்செயலாகச் சுவரைப் பார்த்தார். பிறகு தெரிந்தே பார்த்தார். அதன்பின் என்னைப் பார்த்தார். எல்லோரும் கிளம்பிய பிறகு, நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார். பட்டறைக்காரர்களுக்கே உரிய விதத்தில், உதட்டை நன்றாக விரித்து நிதானமாகப் பேசினார்.

"எப்பத் தெரிஞ்சுது அம்மிணி?"

"போன வாரமுங்க."

"ஊட்டுல தெரியாதுங். மறதின்னு நெனைச்சுக்கிட்டிருக்கறாங்க. நானும் அப்படியே உட்டுட்டேன். மறதின்னா வயசாச்சுன்னு உட்டுருவாங்க. செவுட்டு வேசம் கட்டறவனே செவுடுன்னா…" கையை விரித்தார்.

"நான் சொல்லமாட்டேனுங்க" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது. அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

நாடகத்தன்று ஐந்தரை மணிக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு தறிக்காரர்கள் வந்தார்கள். விளக்கு அணைந்தது. துணியில் முதல் எழுத்துகள் வந்தபோது ஒரு கணம் எல்லாத் தலைகளும் சுவர்ப் பக்கம் திரும்பின. ஆற்றோரத்தில் நாணல் காற்றுக்குச் சாய்வது போல இருந்தது.

அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு இன்னும் முழுதாக விழிப்பில் நடந்த மாதிரி இல்லை. இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் விரல் அசைந்தால் சுவரில் ஒரு பேச்சு மலர்கிறது. அதே நேரத்தில் மேடையில் ஒரு வாய் திறக்கிறது. வெகுகாலமாகப் பிரிந்து இருந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நடக்கின்றன. 'மழைச் சத்தம்' என்ற ஒரு வரியை நானே சேர்த்திருந்தேன். அதை அழுத்தியதும் எங்கள் பழைய ஓட்டுக் கூரை மேல் மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் இருந்தவர்கள் ஸ்பீக்கரில் கேட்டது எந்த மழையோ, நான் கேட்டது அதுதான்.

மல்லிக் காட்சி வந்தது. மருமகளாக நடித்த டீச்சர் சொன்னது மல்லி. துணியில் வந்தது பல்லி. காதும் கண்ணும் வேறு வேறு சொல்ல, எதை நம்புவது என்று தெரியாமல் கூட்டம் விழித்தது. பிறகு தாத்தா துண்டை உதறிக்கொண்டு துள்ளினார். சிரிப்பு தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்து, முழங்கால் ஏறி, நான் என்ன என்று அறியும் முன்பே என் வாய் வழியாக வெளியேறியது. அவர்களோடு சேர்ந்து, அதே நேரத்தில். அக்கா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள். நான் திரும்பவில்லை. அடுத்த வசனம் காத்திருந்தது.

அதற்கு அடுத்த காட்சியில் டீச்சர் பதற்றத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார். துணியில் ஒன்று இருக்க மேடையில் வேறொன்று ஓடியது. தாத்தா வேஷம் கட்டிய பெரியவர் சுவரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பக்கவாட்டில் திரும்பி நின்றார். எனக்கு அவர் உதட்டின் ஓரம் மட்டும்தான் கிடைத்தது. 'மாப்பிள்ளை' என்பது போல ஒரு சொல். அந்தச் சொல் வருகிற இடத்தைத் தேடி விரலைத் தட்டிக்கொண்டே போனேன். துணியில் வசனங்கள் படபடவென்று பறந்தன. பெரியவர் அவசரப்படவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மடித்தார், தோளில் போட்டார். அதற்குள் அவருடைய வரியைப் பிடித்துவிட்டேன். படித்தார், பேசினார். அந்தத் துண்டு மடித்ததற்கே ஒரு கைதட்டல் விழுந்ததாக அக்கா பிறகு சொன்னாள்.

முடிந்ததும் நான் துணியை அவிழ்க்கப் போனேன். நாலைந்து தறிக்காரர்கள் அங்கே நின்றிருந்தார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பி, "எனக்கும் ஒரு பக்கம் சுத்தமாக் கேக்காதுங். பத்து வருசத்துல இன்னைக்குத்தான் கதை என்னன்னு வெளங்குச்சு" என்றார். இன்னொருவர் எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்றார். ஒரு வயசான அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் படிச்சதில்லையே சாமி, எனக்கு என்ன பண்ணுவ?" என்று கேட்டார். வாத்தியாரும் நானும் அதைப் பற்றி இப்போதும் அடிக்கடி தாளில் எழுதிப் பேசிக்கொள்கிறோம்.

மாசிக் கடைசியில் ஒருநாள் பெரியவர் தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். காது பார்க்கிற இடத்துக்குக் கூட வரமுடியுமா என்று கேட்டார். மனைவியிடம் 'ஒரு டெஸ்ட்டு' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். மூன்று பேரும் பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே அவரை ஸ்டூலில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். சின்ன வயசில் அதே மாதிரி ஓர் அறைக்குள் நான் விரலைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தது நினைவு வந்தது. அவர் விரல் முழங்கால் மேல் கிடந்தது. வெளியே இருந்த பெண் குமிழைத் திருப்பிக்கொண்டே போனார். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கே ஏதோ தூரத்தில் கேட்பது போல, யாரோ ஆற்றின் அந்தக் கரையிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது. வெகுநேரம் கழித்து விரல் எழுந்தது. பயந்துபோய் எழுந்தது போல, பாதியில் நின்றது. பிறகு நன்றாக உயர்ந்தது.

டாக்டர் காகிதத்தைக் காட்டி அவர் மனைவிக்கு விளக்கினார். மெஷின் வைத்தால் முக்கால்வாசி சரியாகிவிடும், விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்றார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்தவர், திடீரென்று கணவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப நாஞ் சொன்னது ஒண்ணையும் நீங்க இத்தன வருசமாக் கேக்காததுக்கெல்லாம் இதுதானுங்களா காரணம்?"

பெரியவர் அவர் உதட்டை முழுசாகப் படித்து முடித்தார். யோசித்தார்.

"பாதிக்கு இது. மீதிய நானாத்தான் கேக்கல."

அந்த அம்மா அவர் தோளில் ஓர் அடி வைத்தார். டாக்டர் மேஜையில் குனிந்துகொண்டார். நான் சிரித்த சிரிப்புக்கு வராந்தாவில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.